யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதும், எந்தக் கம்பஸ் எப்படி என்பதும்

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். உயர்தரம் கணிதப் பிரிவு எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார். கனடாவில் இருக்கிற மாமா, "எம்.ஐ.டி., ஹார்வர்ட் எல்லாத்துக்கும் போட்டுப் பார்" என்கிறாராம். அம்மா, "மொறட்டுவ கம்பஸ் கிடைச்சாலே பிள்ளையாருக்குப் பொங்கலாம்" என்கிறாராம். அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். எல்லாமே பெரிய பெயர்தானே, இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம், எனக்குப் பொருந்துவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி.

நான் பேராதனையில் பொறியியல் படித்தேன். பிறகு அமெரிக்காவில் ஒரு அரச பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, அங்கேயே முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தேன். இப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து, கடந்த சில வருடங்களாக இங்கிருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் கட்டுரைகளை வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

தம்பி, முதலில் காசு. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டொலருக்கு மேல் போகிறது. அந்த எண்ணைக் கண்டு பயந்து விட்டுவிடவும் வேண்டாம், அதைக் கணக்கில் எடுக்காமல் கண்டபடி விண்ணப்பிக்கவும் வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளை உதவிப்பணம் கேட்கிறதா என்பதைத் தெரிவின்போது பார்க்காமல், எடுத்த பிறகு குடும்பத்தால் கட்ட முடியாத மிச்சம் முழுவதையும் தாங்களே பொறுப்பேற்கிற கல்லூரிகள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுண், அம்ஹெர்ஸ்ட், மெய்ன் மாநிலத்திலுள்ள போடின் எல்லாம் அதற்குள் வரும். மற்ற நல்ல கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் நீங்கள் கேட்கிற தொகையும் முடிவில் பங்கெடுக்கும், கூடக் கேட்டால் வாய்ப்புக் குறையும். அதற்காக இந்த எட்டையும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதையும்விடக் கடினம்.

பட்டியலில் பெயர் குறைந்த, ஆனால் நல்ல இடங்களையும் சேர்க்க வேண்டும். கென்டக்கியில் பெரியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது, 1855இல் தொடங்கியது. அங்கே ஒருவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, பதிலுக்கு எல்லாப் பிள்ளைகளும் கம்பஸுக்குள்ளேயே வாரத்துக்குக் குறைந்தது 10 மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரைத்தான் எடுக்கிறார்கள், இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரை ஒருவருமே சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. இன்னொன்று, பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் 'கொமன் டேட்டா செட்' என்ற பெயரில் ஒரே மாதிரியான புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதில் எச் பகுதியில், வெளிநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு என்று எழுதியிருக்கும். யூடியூபில் யாரோ சொன்னதை நம்புவதைவிட அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள்.

உதவிப்பணத்துக்குப் பல இடங்களில் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற தனிப் படிவம் நிரப்ப வேண்டும். அது சம்பளச் சீட்டும் வரிப் படிவமும் உள்ள குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது. தோட்டம் செய்கிற அப்பாவுக்கு இரண்டுமே இருக்காது. கிராம அலுவலரிடம் வருமானச் சான்று எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கிக் கொள்ளுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் வெங்காயம் எந்த மாதம் நடுவது, எப்போது கிண்டுவது, நல்ல போகத்தில் எவ்வளவு, மழை அடித்த வருடத்தில் எவ்வளவு என்று அப்பாவோடு இருந்து எழுதுங்கள். அங்கே அதை வாசிக்கிறவருக்கு அதைவிட விளக்கமான ஆவணம் கிடையாது. இதற்கு ஒரு மாதம் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள்.

விண்ணப்பம் என்று வந்தால், கொமன் அப்ளிகேஷன் என்கிற ஒரே படிவத்தால் 20 கல்லூரிகள் வரை அனுப்பலாம் (எம்.ஐ.டி. போன்ற சிலவற்றுக்குத் தனிப் படிவம்). ஓகஸ்ட் 1ஆம் திகதி திறக்கும், வழக்கமான முடிவுத் திகதி பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம், முடிவு மார்ச் கடைசியில் வரும். நவம்பரில் அனுப்புகிற முன்கூட்டிய சுற்றில் இரண்டு வகை. ஒன்றில் கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்றதில் அப்படிக் கட்டாயமில்லை. உதவிப்பணத்தை நம்பியிருக்கிறவர் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல், டார்ட்மத், பிரவுண் எல்லாம் எஸ்.ஏ.ரி. போன்ற நுழைவுப் பரீட்சைப் புள்ளியைத் திரும்பவும் கட்டாயமாக்கிவிட்டன. கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு எஸ்.ஏ.ரி. கணிதம் பெரிய விடயமில்லை, இணைந்த கணிதம் படித்த கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தடுக்கி விழுவது வாசிப்புப் பகுதியில்தான். அதற்கு டியூஷன் தேடி அலைவதைவிட, ஆறு மாதம் நாள்தோறும் ஒரு மணித்தியாலம் நல்ல ஆங்கிலக் கட்டுரைகள் வாசிப்பது கூடப் பலன் தரும். போடின் 1969ஆம் ஆண்டு முதலே அந்தப் பரீட்சையைக் கட்டாயமாகக் கேட்பதில்லை.

அப்புறம் பாடசாலைக் காகிதங்கள். நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். உங்கள் தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு 62 என்று இருக்கும். இங்கே அது நல்ல புள்ளி, வகுப்பில் முதல் ஐந்துக்குள் வந்திருப்பீர்கள். அமெரிக்காவில் 62 என்றால் மட்டுமட்டாகத் தேறியவர். உயர்தரத்தில் 75க்கு மேல் எடுத்தாலே ஏ, இந்தத் தவணையில் வகுப்பின் அதிகூடிய புள்ளி இவ்வளவு, சராசரி இவ்வளவு என்று அதிபர் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதித் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேட்கிறதுக்கு வெட்கப்படாதீர்கள்.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். நம் ஊரில் கடிதம் கேட்டால் நற்சான்றிதழ் தருவார்கள்: "ஒழுக்கமானவர், கீழ்ப்படிவுள்ளவர், மூத்தோரை மதிப்பவர், மாணவத் தலைவராகக் கடமையாற்றினார்." நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைத்த ஒரு கடிதத்தில் என்னைப் பற்றிய ஒரே தனித் தகவல் என் பெயர்தான். மிச்சம் எல்லாருக்கும் கொடுக்கிற அதே வசனங்கள். கடிதம் எழுதிய ஆசிரியர் என்னில் நிறைய அன்பு வைத்திருந்தவர், எப்படி எழுத வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லவில்லை. நீங்கள் பௌதிகவியல் சேரிடம் போகும்போது, வகுப்பில் நடந்த மூன்று சம்பவங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்கு அந்தப் பரிசோதனை பிழைத்தபோது என்ன செய்தீர்கள், எந்தக் கேள்வியைக் கேட்டு அவரையே யோசிக்க வைத்தீர்கள், யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டால் கடிதம் தானாக வரும்.

செயற்பாடுகள் என்ற பகுதியில் பத்து விடயம் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துக்குள். "எனக்கு ஒன்றுமில்லையே, டியூஷனிலேயே காலம் போய்விட்டது" என்று எல்லாரும் சொல்வார்கள். காலையில் அப்பாவோடு தண்ணி மாறியது செயற்பாடுதான். தங்கச்சிமாருக்கும் அயல் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், கோயில் திருவிழாவில் பத்து நாள் தண்ணீர்ப் பந்தல் பார்த்ததும், சாரணரில் இருந்ததும் அதற்குள் வரும். குடும்பப் பொறுப்பை அங்கே குறைவாக நினைப்பதில்லை, படிவத்திலேயே அதற்கு ஒரு வகை வைத்திருக்கிறார்கள்.

கட்டுரை 650 சொல்லுக்குள். நான் வாசிக்கிற முதல் வரைவுகளில் முக்கால்வாசி யுத்தத்தில்தான் தொடங்கும். தம்பி, யுத்தம் முடிந்தது 2009இல், உங்களுக்கு அப்போது இரண்டு மூன்று வயது. பதுங்குகுழியும் இடம்பெயர்வும் அம்மா அப்பாவின் வாழ்க்கை. அது உங்கள் வீட்டில் இன்றைக்கும் எப்படி இருக்கிறது என்று எழுதினால் அது உங்களுடையது, அதை நீங்களே பட்டதுபோல எழுதினால் வாசிக்கிறவருக்கு விளங்கிவிடும். போன வருடம் ஒரு பிள்ளை, பழுதான நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டிய ஒரு பின்னேரத்தை மட்டும் எழுதியிருந்தது. மிச்சமாக வந்த ஒரு வாஷரை என்ன செய்வது என்று தெரியாமல் இரவு முழுக்க யோசித்ததுதான் கதை. அதை வாசித்து முடித்தபோது அந்தப் பிள்ளையை எனக்கு நேரில் தெரிந்த மாதிரி இருந்தது.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

ஒரு கம்பஸ் எப்படி என்று தெரிய நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: அங்கே குப்பி இருக்கிறதா? இலங்கையில் எந்தக் கம்பஸில் படித்தவரைக் கேட்டாலும் குப்பி என்றால் தெரியும். பரீட்சை நெருங்க, பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத இருபது பேரை இருத்தி வைத்து இரவிரவாகச் சொல்லிக் கொடுப்பது. பேராதனையில் பெண்கள் விடுதியின் வாசிப்பறையில், கண்டிப் பிள்ளை ஒருத்தி எனக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பாய்மப் பொறியியல் சொல்லித் தந்தாள். விரிவுரையில் ஒரு தவணை முழுக்க விளங்காதது எனக்கு அந்த இரண்டு இரவில் விளங்கியது. மண்டபம், வகுப்பறை, ஆய்வுகூடம் எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கும். பின்னால் விழுந்தவரை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இப்போது வெளியே வருவது, கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி உலகத்திலிருந்து. உங்கள் புள்ளியிலிருந்து எல்லாருடைய சராசரியையும் கழித்து நியம விலகலால் வகுப்பதுதான் இசட். பக்கத்திலிருக்கிறவர் கூட எடுத்தால் சராசரி ஏறும், உங்கள் இசட் கொஞ்சம் இறங்கும். தீவு முழுக்க எழுதுகிற பரீட்சையில் ஒரு நண்பரால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் அந்தப் பயம் பிள்ளைகளின் கைக்குள் ஏறிவிடுகிறது, மொடல் பேப்பரை ஒளித்து வைக்கிற அளவுக்கு. அந்தக் கையோடு ஒரு புது இடத்துக்குப் போகும்போது, அந்த இடம் கையைத் திறக்க வைக்குமா, இன்னும் இறுக்கி மூட வைக்குமா என்று பார்க்க வேண்டாமா?

எம்.ஐ.டி.யைப் பற்றி வெளியே இருக்கிற படம் தனியாக இருந்து மண்டையைப் போட்டு உடைக்கிற மேதைகள் என்பது. நடப்பு வேறு. முதல் பருவத்தில் தேறினால் தேறியது என்று மட்டும் பதிவார்கள், தேறாவிட்டால் வெளியே போகிற பெறுபேற்றுத் தாளில் அந்தப் பாடமே இருக்காது. வாராவாரம் வருகிற கணக்குத் தாளைப் பெரும்பாலான பாடங்களில் கூட்டாக இருந்து செய்யலாம், யாரோடு செய்தீர்கள் என்று பெயரை எழுதிவிட்டு விடையை நீங்களே எழுத வேண்டும், அவ்வளவுதான். வேலை கொட்டும், நித்திரை குறையும், ஆனால் அந்தப் பாரத்தை ஒன்றாகச் சுமக்கிற பழக்கம் உண்டு. துறைகளைப் பெயரால் அல்ல இலக்கத்தால் சொல்வார்கள், கணிதம் 18, கணினியும் மின்னியலும் 6. 1994இல் பெரிய குவிமாடத்தின் உச்சியில் பொலிஸ் காரின் வெளிக்கூட்டை இரவோடு இரவாக ஏற்றி வைத்த பிள்ளைகள் அவர்கள், அப்படியான விளையாட்டையும் ஒரு கைவேலையாக மதிக்கிறார்கள். பட்டத்துக்கு நீச்சல் தெரிந்திருக்கவும் வேண்டும், தெரியாவிட்டால் பழக்குவார்கள்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. வித்தியாசம் எங்கே சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. யேலில் போகுமுன்னமே 14 உறைவிடக் கல்லூரிகளில் ஒன்றில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள், நாலு வருடமும் அதுதான் உங்கள் வீடு. வெட்கப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஹார்வர்டில் முதலாம் வருடம் எல்லாரும் நடு வளவில் ஒன்றாக, பிறகு 12 இல்லங்களுக்குப் பிரிகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, பல சங்கங்களில் சேரவே போட்டியிட வேண்டும். உலகப் போட்டியில் வென்று உள்ளே போன பிள்ளை முதல் மாதத்திலேயே இரண்டு சங்கத்தில் நிராகரிக்கப்படலாம், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு போனால் பரவாயில்லை. பிரின்ஸ்டனில் மூன்றாம் வருடத்திலிருந்து பலர் உணவுக் கழகங்களில் சாப்பிடுகிறார்கள். சிலவற்றில் யாரும் சேரலாம், சிலவற்றில் தெரிவு. ஆனால் பிரின்ஸ்டனில் கடைசி வருடம் பெரும்பாலும் எல்லாருமே ஒரு பேராசிரியரின் கீழ் சொந்த ஆய்வு எழுதுகிறார்கள், ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் எண்ணம்.

பிரவுணில் 1969ஆம் ஆண்டிலிருந்து கட்டாயப் பொதுப் பாடங்களே கிடையாது, நீங்களாகத் தெரிந்து எடுக்க வேண்டும். கொலம்பியா இதற்கு நேர் எதிர், எல்லாரும் ஒரே மூல நூல்களை ஒன்றாக இருந்து வாசித்து விவாதிக்க வேண்டும். பதினாறு வயதில் மற்ஸா, பயோவா, கொமர்ஸா, ஆர்ட்ஸா என்று ஒரு நாளில் தீர்மானித்த நமக்கு பிரவுண் சொர்க்கம் மாதிரித் தெரியும். ஆனால் இதுவரை ஒரு பாடத்தைக்கூடச் சொந்தமாகத் தெரிவு செய்யாத ஒருவருக்கு அவ்வளவு சுதந்திரம் முதலாம் வருடத்தில் தலைசுற்ற வைக்கவும் கூடும். உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அம்ஹெர்ஸ்ட், போடின் போன்றவை சின்ன இடங்கள், ஒவ்வொன்றிலும் 2,000 பேருக்குள்தான். ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், வகுப்புக்கு வராவிட்டால் தேடுவார். எனக்கு அப்படியான இடங்களில் தனி விருப்பம். ஆனால் தம்பி, அங்கே பொறியியல் துறை இல்லை. கணிதம், பௌதிகம், கணினி விஞ்ஞானம் படிக்கலாம், பொறியியலுக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஐந்து வருட வழியைத் தேட வேண்டி வரும், அதற்கு உதவிப்பணம் தொடருமா என்று முதலே கேட்க வேண்டும். அளவான இடத்தில் பொறியியலும் வேண்டும் என்றால் டார்ட்மத்தைப் பாருங்கள், அங்கே 1867இலேயே பொறியியற் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். வருடத்தைப் பத்து வாரப் பருவங்களாகப் பிரித்திருப்பதால் எல்லாம் வேகமாக ஓடும். அது இருக்கிற ஹனோவர் சின்ன ஊர், மார்கழியில் பின்னேரம் நாலரைக்கு இருட்டிவிடும், சகோதரத்துவக் கழகங்களின் செல்வாக்கும் கூட. குடிக்காத, கூட்டம் விரும்பாத பிள்ளை அங்கே சனிக்கிழமை இரவுகளில் யாரோடு இருப்பது என்று அங்கே படிக்கிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதையெல்லாம் கல்லூரியின் வழவழப்பான பக்கங்களில் பார்க்க முடியாது. பிள்ளைகளே நடத்துகிற பத்திரிகைகளை ஒரு மாதம் தொடர்ந்து வாசியுங்கள். ஹார்வர்டில் கிரிம்சன், யேலில் டெய்லி நியூஸ், எம்.ஐ.டி.யில் த டெக், எல்லாம் நூறு வருடத்துக்கு மேலாக வருகிறவை, இணையத்தில் இலவசம். எதைப் பற்றிக் குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே படிக்கிற ஒருவரைப் பிடித்தால் "கம்பஸ் எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லம்" என்பார். கடைசியாக எந்தப் பாடத்தில் சறுக்கினீர்கள், அப்போது யாரிடம் போனீர்கள் என்று கேளுங்கள்.

உள்ளூரையும் இதே கண்ணால் பாருங்கள். மொறட்டுவ என்றால் கட்டுபெத்தை, போடிங் அறைகள், கொழும்பு நிறுவனங்கள் பக்கத்தில், பயிற்சிக்கும் வேலைக்கும் வழி கூட. அங்கே படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் வடக்குக் கிழக்கு உயர்தர மாணவருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துவது உங்களுக்குத் தெரியும், நீங்களும் எழுதியிருப்பீர்கள். அதுவும் ஒரு பெரிய குப்பிதான். பேராதனை விடுதியும் மலையும் மகாவலியும் சேர்ந்த இடம், வெள்ளிக்கிழமை குறிஞ்சிக்குமரன் கோயில், எல்லாப் பீடத்துப் பிள்ளைகளோடும் பழகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். வீட்டுக்குப் பக்கம் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள், கணிசமான சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து படிக்கப் போகிறோம் என்பதை அங்கே போய்த்தான் அறிகிறார்கள். எனக்கென்றால் அது அந்த இடத்தின் பெரிய நன்மை.

பகிடிவதையைச் சொல்லாமல் விட முடியாது. 1997இல் பேராதனைப் பொறியியற்பீடத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடமே 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அது குற்றம், சிறை உண்டு. இருந்தும் இன்றுவரை முழுதாக ஒழியவில்லை. முதல் நாள் இரவு முட்டுக்காலில் நிற்கவைக்கிற அதே சீனியர்தான் மூன்றாம் மாதம் குப்பி வைத்துப் பாடம் சொல்லித் தருவார் என்று சிலர் நியாயம் சொல்வார்கள். எனக்குப் பாடம் சொல்லித் தந்த பிள்ளை ஒருவரையும் ஒரு நாளும் முட்டுக்காலில் நிறுத்தியதில்லை, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அமெரிக்காவிலும் சில கழகங்களில் இதே நோய் உண்டு, 2024 டிசம்பரில்தான் கல்லூரிகள் அப்படியான சம்பவங்களைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று தேசியச் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த நாடு என்றாலும் இதையும் விசாரித்துவிட்டே போங்கள்.

அம்மா சொல்வதையும் மாமா சொல்வதையும் ஒன்றாகவே செய்யலாம். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி இருக்கும், அமெரிக்க விண்ணப்பத்தை அதற்குள் முடிக்கலாம். இங்கே பதிந்து படிக்கத் தொடங்கிவிட்டால் பல கல்லூரிகள் உங்களை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவருகிற மாணவராகக் கணக்கெடுக்கும், அந்த வழியில் உதவிப்பணம் கிடைப்பது கடினம், அதனால் திகதிகளை அருகருகே எழுதி வைத்துப் பாருங்கள். இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் விருப்பு வரிசையைப் போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து அடுக்க வேண்டாம். 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று கணக்குப் பார்த்து, உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் நீங்கள் மேலே எழுதியதைத்தான் தருவார்கள். மேலே ஆசைப்பட்டதை எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் மனமில்லாத ஒன்றை மேலே எழுதி அது கிடைத்தால் கீழே உள்ளதைக் கேட்க முடியாது.

இந்தக் கிழமை பௌதிகவியல் சேரைப் போய்ப் பாருங்கள், கிராம அலுவலரிடம் என்ன கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். கட்டுரையின் முதல் வரைவு எவ்வளவு பிழையாக இருந்தாலும் அனுப்புங்கள், ஞாயிறு காலையில் இருந்து வாசிப்பேன்.